‘பெற்றோருக்கு அக்கறை இல்லை’: தோட்டப் பாடசாலைகள் பற்றிய இழை

வாசகர் ஒருவரின் கருத்து, 10.06.2023

இலங்கையில் 1945இலிருந்து இலவசக் கல்வி. 1980இலிருந்து பாடப்புத்தகம் சும்மா. 1993இலிருந்து சீருடைத் துணியும் சும்மா. பல்கலைக்கழகத்துக்குக் கோட்டாவும் வைத்திருக்கிறார்கள். இவ்வளவுக்குப் பிறகும் மலையகத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் பின்னால் நிற்பதற்கு இனப் பாகுபாடுதான் காரணம் என்பது சாக்கு. தோட்டத்துப் பெற்றோருக்குப் படிப்பில் அக்கறை இல்லை. தவறென்றால் யாராவது சொல்லுங்கள்.

11.06.2023, காலை

தவறுதான். சொல்கிறேன்.

1945இல் கல்வி மந்திரி கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தபோது தோட்டத்துப் பாடசாலை துரையின், அதாவது தோட்ட முகாமையாளரின், கையில் இருந்தது. 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் அந்தப் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்திடம் கொடுத்திருந்தது. பிள்ளைகளுக்கு எழுத்து தெரிந்துவிட்டால் நாளைக்குக் கொழுந்து பறிக்க யார் வருவார்கள் என்று யோசிக்கிறவனிடம் பாடசாலையை ஒப்படைத்தால் எப்படி நடத்துவான்? பெயருக்கு நடத்தினான். ஒரே மண்டபம், ஒரே வாத்தியார், ஐந்தாம் வகுப்போடு முற்றுப்புள்ளி. பல தோட்டங்களில் வாத்தியாருக்குத் தோட்டத்துக் கணக்கு வேலையும் சேர்ந்தே இருந்தது.

மூன்று வருடம் கழித்து 1948இல் குடியுரிமைச் சட்டம். இந்திய வம்சாவளித் தமிழர்களான எங்களில் பெரும்பாலானோர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1949இல் வாக்குரிமையும் போனது. 1960, 61இல் அரசாங்கம், உதவி பெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்றது, தோட்டப் பாடசாலைகளை விட்டுவிட்டது. அவை அரசிடம் வரத் தொடங்கியது 1970களின் பிற்பாதியில். வந்து முடிய 80களும் ஆயிற்று. ஆகவே உங்கள் 1945ஐ எங்கள் கணக்கில் 1980 என்று வாசியுங்கள். முப்பத்தைந்து வருடம் பிந்தி வந்த பஸ்ஸில் ஏறியவனைப் பார்த்து ‘ஏன் இன்னும் கொழும்பு வந்து சேரவில்லை’ என்கிறீர்கள்.

நான் தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவன். 1984இல் பாடசாலைக்குப் போனேன். அரசாங்கம் எடுத்துச் சில வருடமாகியிருந்தது. பெயர்ப்பலகை மட்டும் புதிது. ஐந்து வகுப்பும் ஒரே மண்டபத்தில். மூன்றாம் வகுப்பு வாய்ப்பாடு சொல்ல, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளும் சேர்ந்து சொல்வோம். அதனால் எனக்கு ஒரு வருடம் முந்தியே ஏழாம் வாய்ப்பாடு வந்துவிட்டது. எதிலும் ஒரு நன்மை உண்டு பாருங்கள்.

11.06.2023, இரவு

காலையில் ஒன்றை விட்டுவிட்டேன். 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேரை இந்தியா எடுக்க வேண்டும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்க வேண்டும் என்று எழுதினார்கள். மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். எங்கள் பெரியப்பா வீடு இந்தியா போகிற வரிசையில் நின்றது. பாஸ்போர்ட் வரும், வராது என்று எத்தனையோ வருடம். ‘போகப்போற புள்ளைக்கு இங்க என்னத்துக்குப் பள்ளிக்கூடம்’ என்று அண்ணனை நிறுத்திவிட்டார்கள். அவர்கள் கோத்தகிரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அண்ணனுக்குப் பதினேழு வயது. அங்கேயும் தேயிலைதான்.

இதை அக்கறையின்மைக் கணக்கில் எழுதுவதா, வேறு எந்தக் கணக்கில் எழுதுவதா? நீங்களே சொல்லுங்கள்.

12.06.2023

கோட்டா என்று எழுதியிருந்தீர்கள். அது எங்கள் இனத்துக்கான கோட்டா என்று நீங்கள் நினைக்கிற மாதிரி இருக்கிறது. எங்கள் ஆட்களே பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் தகுதி, 55 வீதம் மாவட்டத்துக்கு மாவட்டம், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் அந்தக் கடைசிப் பட்டியலில் உண்டு. ஆனால் அது மாவட்டத்துக்கு. வலப்பனையில் சிங்களப் பிள்ளைக்கும் அதே வெட்டுப்புள்ளி. ஹட்டன் டவுனில் கடை வைத்திருப்பவர் பிள்ளைக்கும் அதே வெட்டுப்புள்ளி. லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், இருக்கிற பிள்ளை இந்த எல்லோருடனும் ஓடி வர வேண்டும். மாவட்டம் ஒன்றுதான், மலை ஒன்றில்லை.

அப்புறம் ஒன்று. கலைப் பிரிவுப் பட்டப் படிப்புகள் பெரும்பாலும் அகில இலங்கைத் தகுதியில்தான். தோட்டத்துப் பிள்ளைகள் உயர்தரத்தில் அதிகமாக எடுப்பது எது? கலை. ஏன்? பக்கத்துப் பாடசாலையில் விஞ்ஞானமும் கணிதமும் தமிழில் நடக்கிறதில்லை. ஆக, கோட்டா இருக்கிற கதவுக்கு எங்களிடம் படிக்கட்டு இல்லை, படிக்கட்டு இருக்கிற கதவுக்குக் கோட்டா இல்லை.

கணித வாத்தியார் நான். அதனால் இந்த விஷயத்தில் எரிச்சல் கொஞ்சம் கூடத்தான் வரும்.

15.06.2023

யாழ்ப்பாணத்து வாசகர் கோபமாக எழுதியிருக்கிறார். தரப்படுத்தலை, அதாவது பல்கலைக்கழக அனுமதிக்குப் புள்ளியை மாற்றியதை, நான் நியாயப்படுத்துகிறேனாம்.

இல்லை. 1971இல் மொழிவாரியாகப் புள்ளியை மாற்றினார்கள். ஒரே பீடத்துக்குத் தமிழில் எழுதியவனுக்குக் கூடுதல் புள்ளி வேண்டும் என்றார்கள். அது அநியாயம், அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. பிறகு 1974இல் மாவட்ட முறை. உங்களுக்கு அது அடி. அந்த நேரத்தில் எங்கள் பக்கத்தில் அடி வாங்குவதற்குக்கூட உயர்தரம் படித்தவர்கள் அதிகம் இல்லை. ஐந்தாம் வகுப்போடு முடிகிற பாடசாலையில் எந்தத் தரப்படுத்தல்? பின்னால் வந்த எனக்கு அதே மாவட்ட முறை ஏணியாக இருந்தது. ஒரே சட்டம், இரண்டு தமிழர்களுக்கு இரண்டு விதமாக வேலை செய்திருக்கிறது. இதை நாம் ஒருவருக்கொருவர் முகத்தைப் பார்த்துப் பேசியதே கிடையாது.

பேராதனையில் என் அறைத் தோழன் வெள்ளவத்தைக்காரன். அவன் தம்பி நான்கு பாடத்துக்கும் சேர்த்து என்னைவிட நாற்பது புள்ளி கூட எடுத்துவிட்டு அனுமதி கிடைக்காமல் வீட்டில் இருந்தான். முதல் வருடம் முழுக்க அறைத் தோழன் என்னை ‘கோட்டா’ என்றுதான் கூப்பிடுவான். சிரித்துக்கொண்டே கூப்பிடுவான், நானும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பேன். இரண்டாம் வருடம் என்னோடு ஊருக்கு வந்தான். எங்கள் காம்பராவில், அதாவது லயத்து அறையில், அப்பா, அம்மா, ஆச்சி, நாங்கள் நான்கு பேர். நான் எங்கே இருந்து படித்தேன் என்று கேட்டான். அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு பலகையைக் காட்டினேன். அதற்குப் பிறகு பெயர் சொல்லிக் கூப்பிட்டான்.

ஆனால் அவன் தம்பிக்கு இடம் கிடைக்காதது கிடைக்காததுதான். அதற்கு என்னிடம் பதில் கிடையாது.

16.06.2023

‘வெட்டுப்புள்ளி குறைவென்று வெளி மாவட்டத்திலிருந்து நுவரெலியாவுக்கு வந்து பரீட்சை எழுதுகிறார்களே, அதைப் பற்றி ஏன் பேசவில்லை’ என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். பேசினால் அது தனி இழை. அந்த மாவட்டத்தில் படித்ததை, இருந்ததைக் காட்ட வேண்டும் என்று விதி இருக்கிறது. விதி இருந்தால் அதைச் சுற்றிப் போக வழியும் இருக்கும். அதில் நம்மவர் சிலர் வாடகை வாங்கியதும் உண்டு. போதும்.

18.06.2023

ஆசிரியர் பற்றாக்குறை பற்றி எழுதச் சொன்ன தங்கச்சிக்கு: 2015 வாக்கில் மலையகத்துக்கு என்று ஆசிரியர் உதவியாளர்களை எடுத்தார்கள். மாதக் கொடுப்பனவு 6,000 ரூபாய், பிறகு 10,000. பஸ்ஸுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் அதுவே போதாது. வந்த பிள்ளைகள் நல்ல பிள்ளைகள், பெரும்பாலும் தோட்டத்திலிருந்து உயர்தரம் முடித்தவர்கள். கற்பித்துக்கொண்டே பயிற்சிக் கலாசாலைக்கும் ஓடினார்கள். ஆளில்லாத வகுப்பில் ஆள் வந்து நின்றது பெரிய விஷயம். அவர்களை அரைச் சம்பளத்தில் நிறுத்தியது எங்களுக்குப் பழகிப்போன விஷயம். தோட்டத்தில் ஒரு நாள் சம்பளத்துக்குப் ‘பேர்’, பாதிக்கு ‘அரைப்பேர்’ என்று பெயர்.

25.06.2023

இந்த இழையைத் தொடங்கிய நண்பருக்கு. நான் வரலாறாக அடுக்கிக்கொண்டே போகிறேன், பெற்றோரைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை என்கிறீர்கள். பிடித்துவிட்டீர்கள்.

நானும் அதையேதான் எழுதியிருக்கிறேன். பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்றின் முன்னேற்ற அறிக்கையில், போன தவணை, என் கையால்: ‘பெற்றோரின் அக்கறை போதாது.’ ஒரு பிள்ளைக்கு மட்டும் இல்லை. பத்துப் பதினைந்து பேருக்கு எழுதியிருப்பேன். கை பழகிவிட்டது. பக்கத்து மேசை டீச்சர் அதற்கு ஒரு சுருக்கம்கூட வைத்திருந்தார்: ‘பெ.அ.இ.’

போன வாரம் பஸ்ஸில் அந்தப் பிள்ளையின் அம்மாவைக் கண்டேன். நான்தான் பேச்சை எடுத்தேன், கூட்டத்துக்கு ஏன் வரவில்லை என்று. அவர் பணிவாகத்தான் கேட்டார்: “கூட்டத்த ஏன் சேர் கொழுந்தெடுக்க மலைக்குப் போற நேரத்துல வைக்கிறீங்க?”

பாடசாலைக்குப் போய்ப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். கூட்டம் செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதரை. வகுப்பில் 41 பிள்ளைகள், வந்த பெற்றோர் 14 பேர். அந்தப் பதினான்கில் தோட்டத்தில் வேலை செய்பவர்கள் மூன்று பேர். மற்றவர்கள் ஆட்டோ ஓட்டுபவர், கடைக்காரர், கொழும்பிலிருந்து லீவில் வந்திருந்தவர், இப்படி. இந்தப் பதிவேட்டை நான்தான் எழுதி, நான்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பெயர்களைப் பார்த்தேனே தவிரக் கிழமையைப் பார்க்கவில்லை.

2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனது. ஆன கையோடு எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் கொழுந்து எடையையும் ஏற்றினார்கள். எடை வராவிட்டால் அரைப்பேர். ஒன்பதரைக்குக் கூட்டத்துக்கு வந்தவள் பன்னிரண்டுக்கு மலைக்குப் போனால் பேர் போட மாட்டார்கள். ஆக, நான் கூப்பிட்ட ஒவ்வொரு கூட்டத்துக்கும் நுழைவுச் சீட்டு ஆயிரம் ரூபாய். எனக்கோ அன்றைக்கும் சம்பளம்.

02.07.2023

இதை எழுதலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன்.

என் அம்மா நான் படித்த காலம் முழுக்கப் பாடசாலைக்கு வந்தது ஒரே ஒரு தரம். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை எழுதிய வருடம். 200க்கு எத்தனை எடுத்தேன் என்று அதிபர் கூப்பிட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. அன்றைக்குப் பேர் போய்விட்டது. இரவு அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சண்டை. அப்பா, “அவரு சொல்றத அவன்கிட்டயே சொல்லி அனுப்பக் கூடாதா?” என்று கேட்டது நன்றாக ஞாபகம் இருக்கிறது. நான் பலகையில் குனிந்து கணக்குச் செய்துகொண்டிருந்தேன். செய்யவில்லை, செய்கிற மாதிரி இருந்தேன்.

இது எனக்குத் தெரியாத கதையா? தெரிந்த கதை. வாத்தியாராகி மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்ததும் எப்படி மறந்தேன்?

ஒரு வாசகர், ‘உங்கள் அம்மாவுக்கு அக்கறை இருந்ததால்தானே நீங்கள் படித்தீர்கள், மற்றவர்களுக்கு இல்லை என்பதுதானே நம் நண்பரின் வாதம்’ என்கிறார். ஐயா, அம்மா பத்து வருடம் வரவில்லை. என் அறிக்கையில் யாராவது ‘பெ.அ.இ.’ என்று எழுதியிருந்தால் அது பத்து வருடமும் சரியாகவே இருந்திருக்கும்.

03.07.2023

‘உணர்ச்சிவசப்பட்டு எழுதுகிறார்’ என்று கீழே ஒரு குறிப்பு. ஆமாம். அடுத்தது?

09.07.2023

அதிபரிடம் பேசினேன். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வைக்கலாம் என்றேன். ஆசிரியர்கள் வருவார்களா என்றார். நான் வருகிறேன், இரண்டு பேரைக் கூட்டி வருகிறேன் என்றேன். சரி, வைத்துப் பாருங்கள் என்றார். வருகிற ஞாயிறு காலை பத்து மணி. பிள்ளைகளிடம் கடிதம் கொடுத்தாயிற்று. தமிழில், பெரிய எழுத்தில், ‘அன்றைக்கு வேலை இல்லைதானே, எல்லோரும் வாருங்கள்’ என்று நானே எழுதினேன். கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது.

16.07.2023

ஒன்பது பேர்.

செவ்வாய்க்கிழமைக்குப் பதினான்கு பேர் வந்தார்கள் என்பதை ஞாபகப்படுத்துகிறேன்.

17.07.2023

பண்டாரவளையிலிருந்து அக்கா ஒருவர் எழுதியதை அப்படியே தருகிறேன், எனக்கு இது வேண்டும்: “தம்பி, லயத்த விட்டு எத்தன வருசம்? ஞாயித்துக்கிழம கைக்காசுன்னு ஒன்னு இருக்கே, மறந்து போச்சா?”

மறந்து போச்சு, அக்கா. தெரியாதவர்களுக்கு: கொழுந்து அதிகமாக வருகிற காலத்தில் ஞாயிற்றுக்கிழமையும் மலை திறப்பார்கள். அன்றைக்குப் பேர் கிடையாது, பறித்த கிலோவுக்குக் காசு. வீட்டில் ஒரு செலவு நிற்கிறதென்றால் அந்தக் காசில்தான் அது தீரும். இப்போது மழை விட்டு விட்டுப் பெய்கிறது, கொழுந்து பொங்கி நிற்கிறது. ‘அன்றைக்கு வேலை இல்லைதானே’ என்று பெரிய எழுத்தில் எழுதியவன் தோட்டத்தில் பிறந்தவன் என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

ஹட்டன் டவுனில் வாடகை வீட்டுக்கு வந்து இருபது வருடமாகிவிட்டது. ஜன்னலைத் திறந்தால் தேயிலை தெரியும். தெரிவதோடு சரி.

24.07.2023

கடிதம் பற்றி. கூட்டத்துக்குக் கொடுத்த கடிதம் பிள்ளை கையில் போனதால் போய்ச் சேர்ந்தது. தபாலில் அனுப்பியிருந்தால்? லயத்துக் காம்பராவுக்குத் தனி விலாசம் கிடையாது. தோட்டத்தின் பெயர், டிவிஷன், அவ்வளவுதான். ஒரே பெயரில் நான்கு பேர் இருப்பார்கள். தபால் தோட்டக் காரியாலயத்துக்கு வரும். அங்கிருந்து யாராவது கொண்டுவர வேண்டும். எனக்கு நேர்முகப் பரீட்சைக் கடிதம் ஒன்று நாள் தாண்டி வந்தது. அதில் போன வேலை போனதுதான். வேறு ஒன்று கிடைத்தது, அதனால் இப்போது சிரித்துக்கொண்டு எழுத முடிகிறது.

வந்த கடிதத்தின் மொழி இன்னொரு கதை. 1987இல் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழியாயிற்று. வாங்கிப் பிரித்தால் இன்னும் சிங்களத்தில் படிவம் வருகிறது. அதைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகள் டவுனில் தெரிந்த முதலாளி யாரிடமாவது போகிறார்கள்.

கோட்டாவைப் பற்றி ஜூன் 12இல் எழுதியதை இன்றைக்கு மறுபடி வாசித்தேன். படிக்கட்டு, கதவு என்று அழகாக எழுதியிருக்கிறேன். விலாசமே இல்லாத பிள்ளைக்கு எந்தக் கதவு?

13.08.2023

நேற்று மாத்தளையில் இருந்தேன். எங்கள் ஆட்கள் இந்த நாட்டுக்கு வந்து 200 வருடமானதை நினைவுகூரும் ‘மலையகம் 200’க்காகத் தலைமன்னாரிலிருந்து ஜூலை 28இல் புறப்பட்ட நடைபயணம் அங்கே வந்து முடிந்தது. நான் நடந்தது கடைசிக் கொஞ்ச தூரம்தான், அதைப் பெரிதாகச் சொல்ல மாட்டேன். காலில் செருப்புக் கடி. எங்கள் கொள்ளுத்தாத்தா தலைமன்னாரிலிருந்தே செருப்பில்லாமல் நடந்து வந்திருப்பார்.

சரி, கூட்டத்துக்கு வருகிறேன். போன வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரைக்கு வைத்தோம். பாடசாலையில் இல்லை, தோட்டத்துக் கோயில் மண்டபத்தில். கொழுந்து நிறுத்துவிட்டு நேரே வருகிற வழி அது. பண்டாரவளை அக்காவின் யோசனை, என்னுடையது என்று நான் சொல்லிக்கொள்ளப் போவதில்லை. ஆசிரியர்களில் இரண்டு பேர்தான் வந்தார்கள். வராதவர்களைக் குறை சொல்ல முடியாது. கடைசி பஸ் ஆறே முக்காலுக்கு.

33 பேர். சிலர் கூடையை வாசலில் வைத்துவிட்டு இடுப்பில் கட்டிய நனைந்த படங்குச் சாக்கோடு உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். பஸ்ஸில் பார்த்த அம்மாவும் வந்தார். நான் புள்ளி, வரவு, வீட்டுவேலை என்று அரை மணி நேரம் பேசினேன். தேத்தண்ணி கொடுத்தார்கள். கேள்வி இருந்தால் கேளுங்கள் என்றேன். வழக்கமாக யாரும் கேட்பதில்லை, அந்தத் தைரியத்தில்தான் சொன்னேன்.

பின்வரிசையில் ஓர் அப்பா எழுந்தார். ஒன்பதாம் வகுப்புக்கு இங்கிலிஷ் டீச்சர் மாற்றலாகிப் போய் ஒன்றரை வருடம். புதிதாக ஆள் வரவில்லை. “கல்வி வலயத்துல யாருகிட்ட சேர் கேட்டீங்க? என்னா சொன்னாங்க?”

நான் யாரிடமும் கேட்கவில்லை. அதிபர் கேட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதையே சொன்னேன். மண்டபத்தில் யாரும் சத்தம் போடவில்லை. அவர் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்த பாட்டி அவரிடம் என்னவோ கேட்க, அவர் குனிந்து பதில் சொன்னார். எனக்குக் கேட்கவில்லை.

வெளியே வரும்போது கடைசி பஸ் போய்விட்டது. நானும் கூட்டத்துக்கு வந்த மற்ற டீச்சரும் இரண்டு கிலோமீட்டர் பெரிய ரோட்டுக்கு நடந்தோம், கைத்தொலைபேசி வெளிச்சத்தில். வலயக் கல்விப் பணிமனையில் எந்த நாள் பொதுமக்களைச் சந்திப்பார்கள் என்று கேட்டேன். புதன்கிழமை என்று நினைக்கிறேன், காலையில் என்றார் அவர்.